செல் சிக்னலோடு தஞ்சாவூருக்கு

போன வியாழக்கிழமை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போனோம். ஒரு கல்லூரியில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. ஒரு பள்ளிக்கு இரண்டு பேர், பிளஸ் ஒன் மட்டும். மாடல் செய்தது என் வகுப்பு யாஸ்மின். தூக்கியது நான்.

காலை 7.10 பஸ். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 33 ரூபாய். வடுவூர் ஏரி தாண்டும்வரை உட்கார இடமில்லை. ஒரே புழுக்கம். புழுவோடு போனால் வேறென்ன இருக்கும்?

ஆம், மாடல் ஒரு புழுவைப் பற்றியது. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு. அது வளரும்போது ஒரு செல், கீழே வரிசையாக இருக்கும் ஆறு செல்களுக்குச் செய்தி அனுப்பும். அதைக் கேட்டு முட்டையிடும் துவாரம் உருவாகும். செய்தியை வாங்கும் மரபணு கெட்டால் துவாரமே வராது. முட்டைகள் உள்ளேயே பொரித்து, தாயைத் தின்றுவிடும். யாஸ்மின் இதை ஆறு பல்புகளில் காட்டியிருந்தாள். நாலாவது பல்பு பளிச், அதன் இருபுறமும் ஒவ்வொன்று மங்கல், மற்றவை எரியாது. மரபணு சுவிட்சை அணைத்தால் ஆறும் இருட்டு. இரண்டு மாத உழைப்பு. புழுவைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். முதல் பரிசு வாங்கினால் ஆய்வகத்தில் இரண்டு வாரப் பயிற்சி.

பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு 20. அட்டைப்பெட்டியைப் பார்த்து ஓட்டுநர், "உள்ள என்னப்பா?" என்றார். "புழுங்கண்ணே." "அரிசியிலயா?" "இல்லண்ணே, அறிவியல்ல." சிரித்தார். நானும்தான். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

யாஸ்மின் ஒயர் மாட்டிக்கொண்டிருக்க, நான் பதிவுப் படிவம் நிரப்பினேன். அவள் சொன்ன தலைப்பு 'புழு வளர்ச்சியில் மரபணுக்களின் பங்கு'. சப்பென்று இருந்தது. 'புழுவுக்கும் செல் சிக்னல் கிடைக்குமா?' என்று எழுதிக் கொடுத்தேன்.

தலைப்பைப் பார்த்து எங்களைத் தகவல் தொடர்பு அரங்கில் போட்டுவிட்டார்கள். எந்த அரங்கு என்று நாங்களும் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு நடுவர் வந்தார்.

"டவர் எங்கம்மா?"

"சார், இது பயாலஜி சார். செல்னா உடம்புல உள்ள செல்லு."

"அப்ப இங்க ஏம்மா வச்சிருக்கீங்க? எனக்கு இதுல மார்க் போடத் தெரியாதும்மா."

மேசையில் தலைப்பு எழுதி வைத்திருந்த அட்டையை அவள் அப்போதுதான் படித்தாள்.

"நீயாடா எழுதுன?"

"சும்மா ஜாலிக்கு..."

"உனக்கு ஜாலி. எனக்கு?"

உயிரியல் அரங்குக்கு ஓடினேன். அங்கே மதிப்பெண் பட்டியல் போய்விட்டிருந்தது. கெஞ்சினேன். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றார் அங்கிருந்த பேராசிரியை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "வந்ததுக்கு இதையாவது பாத்துட்டுப் போ" என்று நுண்ணோக்கியைக் காட்டினார்.

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் சேருங்கள், மதியச் சாப்பாடு கொண்டு போங்கள், அரங்கின் பெயரைக் கேட்டுவிட்டு மேசையைப் பிடியுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

நுண்ணோக்கியில் அதே புழு. துவாரம் இல்லாதது. வயிற்றுக்குள் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. யாஸ்மினை அழைத்துவர ஓடித் திரும்புவதற்குள் அந்த அரங்கைப் பூட்டிவிட்டார்கள். ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்டாள். அரங்கை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான், என்று சொல்லிவிட்டேன். நான் பார்த்ததை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.