பின் சீட்டில் ஐம்பது கிலோ அரிசி

வண்டியைத் தயார் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. மதுரையிலிருந்து ஹம்பி. போய் வர எட்டு நாள். நானும் என் மனைவியும். அவள் பள்ளி ஆசிரியை, அரையாண்டுத் தேர்வு விடுமுறையை விட்டால் எங்களுக்கு வேறு நாள் கிடையாது. "இந்த வயசுல பைக்லயா?" என்று பலர் கேட்டார்கள். பெட்ரோல் அவர்களா போடப்போகிறார்கள்?

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடுப்பு பிடித்து மூன்று வாரம் படுத்திருந்தவள். "எழுமலை வரைக்கும், ஒரு அம்பது கிலோமீட்டர், ஒரு தடவை போய்ப் பாப்போம். இடுப்பு தாங்குச்சுன்னா ஹம்பி. இல்லன்னா நான் ரயிலேறி எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க தனியா சுத்துங்க."

தனியாகச் சுற்ற எனக்கு விருப்பமில்லை. அதை நான் அவளிடம் சொல்லவும் இல்லை.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வண்டியில் வயர் வேலை எல்லாம் நானே செய்தேன். டயர் புதிது, செயின் புதிது, பிரேக் கட்டை புதிது. காளவாசலில் ஒரு வெல்டரிடம் இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினேன். அவள் சாய்ந்துகொள்ளப் பின்னால் ஒரு திண்டு. தினமும் வேலை முடிந்து வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பேன். சாப்பாடு ஆறிப்போகும்.

இரண்டு பேர் உட்கார்ந்தால் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும். அதை எவ்வளவு இறுக்குவது என்று பார்க்க, இருபத்தைந்து கிலோ அரிசிப் பை இரண்டைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டித் திருப்பரங்குன்றத்துக்கும் வீட்டுக்கும் மூன்று தடவை ஓட்டினேன். சிக்னலில் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ரேஷன் கடை வீட்டுக்கே வருதா? எங்க தெருவுக்கு எப்ப?"

"உங்க வீட்டுக்கு மட்டும் வராது, போடா" என்றேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கியும் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி இடிக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சேலை கட்டி, தலை பின்னி வந்தாள். வண்டியின் இடது பக்கம் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்து வருகிறாள். அவள் கால் தொங்க வேண்டிய இடத்தில் பெட்டி இருந்தது.

"நான் எங்க உக்கார?"

"சீட்லதான்."

"காலை எங்க வைக்க? உங்க தலையிலயா?"

தப்பு என்னுடையது. கத்தியது அவளிடம். "ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு! ஊர்ல எல்லாரும் அப்படித்தான் உக்கார்றாங்க."

"அரிசியை ஏத்துறதுக்கு முன்னாடி என்னைய ஒரு தடவ ஏத்திப் பாத்திருக்கலாம்ல?"

இடது பெட்டியைக் கழற்ற ஸ்பானர் எடுக்க உள்ளே போனேன். ஸ்பானரோடு வெளியே வந்தால், அவள் சுடிதாரில் நிற்கிறாள்.

"பெட்டி இருக்கட்டும். ஏறிப் பாக்குறேன்."

நான் முன்னால் உட்கார்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கால் தூக்கினால் திண்டு இடித்தது. மூன்று தடவை முயன்றாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் வேடிக்கை பார்த்தார், நான் முறைத்ததும் உள்ளே போனார். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். இடது காலை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, என் தோளைப் பிடித்து எழுந்து நின்று, மற்ற காலை வீசிப் போட்டாள்.

"ஆட்டாதீங்க. ஆட்டாதீங்கன்னா!"

தொப்பென்று உட்கார்ந்தாள். வண்டி அமுங்கி நிமிர்ந்தது. அரிசியை வைத்துப் போட்ட கணக்கு சரிதான்.

நிறுத்த வேண்டுமென்றால் தோளில் இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம். காளவாசல் நெரிசல் தாண்டியதும் பின்னாலிருந்து பேச்சு ஆரம்பித்தது. "லாரி வருது. லாரிங்க!" எனக்கும் கண் இருக்கிறது என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "நாகமலைய வரும்போதுதான் பாத்திருக்கேன். போகும்போது இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. போகும்போது அந்த மலை வலது பக்கம் வரும். ஒரு பக்கமாக உட்கார்ந்தவளுக்குச் சாலையின் இடது பாதி மட்டுமே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் நான் அதை யோசித்ததே இல்லை.

உசிலம்பட்டி தாண்டி எழுமலைச் சாலையில் திரும்பியிருந்தோம். தோளில் இரண்டு தட்டு. பலமாக.

புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். அவள் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். முடிந்தது, ஹம்பியும் இல்லை ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

"இடுப்பு இல்ல" என்றாள். "முட்டி. கால் மடங்கியே இருக்கு. இந்த ஃபுட்ரெஸ்ட்ட ரெண்டு இஞ்சு இறக்கணும். பிரேக் போட்டா சீட்டு முன்னாடி சரியுது, அதையும் பாக்கணும். அரிசிக்கு முட்டி கிடையாது. எனக்கு இருக்கு."

"ரெண்டு இஞ்சு இறக்குனா வளைவுல ரோட்ல உரசும்!"

"அப்ப வளைவுல மெதுவாப் போங்க. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நானும் வாரேன், அந்த வெல்டர் முன்னாடியே உக்காந்து காட்டுறேன்."

நான் மேலும் இரண்டு வார்த்தை சண்டை போட்ட பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. தான் ஏறப்போகாத வண்டிக்கு யாரும் அளவு சொல்ல மாட்டார்கள்.

"அப்ப இடுப்பு?"

"லேசா வலிக்குது. வீடு பெருக்குனாலும்தான் வலிக்குது. எழுமலை இன்னும் எம்புட்டு தூரம்?"

மறுநாள் சாயங்காலம் காளவாசல் பட்டறையில் அவள் வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வெல்டர் கீழே குந்தி, அவள் கால் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"மதினி, ஆடாம இருங்க. அண்ணே, ஒன்றரை இஞ்சு போதும்ணே. ஆமா, எந்த ஊருக்குப் போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஹம்பி. எட்டு நாள் இதுல உக்காரப்போறது நானு. ரெண்டு இஞ்சே இறக்குங்க."