இரண்டு பொத்தான், ஒரு மரத்துண்டு

எங்கள் தொழிற்சாலையில் ஆட்களின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவரை, எப்போதும் காது கொடுப்பதால், நாங்கள் காதக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தனி அறை உண்டு. ஆனால் யாரையும் அங்கே அழைக்க மாட்டார். உள்ளே போனவன் வெளியே வருவதற்குள் அவனுக்குப் பைத்தியம் என்று சேதி பரவிவிடும். எங்கள் வாய் அப்படி. அதனால் அவரே, நாங்கள் அட்டைப்பெட்டி ஒட்டும் மேசைக்கு வந்து உட்கார்ந்து, தானும் பெட்டி ஒட்டிக்கொண்டே கதை கேட்பார்.

அன்று தகடு வெட்டும் பிரஸ்காரர் மாட்டிக்கொண்டார். அந்த இயந்திரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே போய்விடாமல் இருக்க அந்த ஏற்பாடு. இவரோ ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் வேலை பார்த்திருக்கிறார்.

ஃபோர்மேன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "விரல் போனா யாரு பதில் சொல்றது? சாயந்திரத்துக்குள்ள சீட்டைக் கிழிச்சிடறேன்."

காதக்கா பிரஸ்காரரை எங்கள் மேசைக்கு அழைத்துவந்தார். ஏன் செருகினாய் என்று கேட்கவே இல்லை.

"வீட்ல எப்படி இருக்காங்க தம்பி?"

மனிதர் ஒரு அட்டையை எடுத்துப் பசை தடவினார். "ரெட்டைப் புள்ளைங்கக்கா. ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சுக்குது. வேலையில கண்ணு சொருகுது. ஈரத்துணியால தொடைச்சுக்க ஒரு கை வேணுமில்ல? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

நான் சிரித்தே தொலைத்தேன். காதக்கா பார்த்த பார்வையில் அடங்கினேன்.

"சிரிக்கட்டும். விரலோட இருந்தா நீயும் சேந்து சிரிக்கலாம்," என்றார்.

அன்றே மேனேஜரிடம் போய் மல்லுக்கட்டினார். வேலை தப்பியது. சில வாரங்களுக்குப் பிரஸ்காரர் எங்களோடு பெட்டி ஒட்டினார். கூடவே புது விதி ஒன்றும் வந்தது: தூக்கம் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்லலாம், வேறு ஆள் உட்காருவார், யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஃபோர்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் தூக்கம் வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ரோஷம். கொட்டாவியைக்கூட மென்று முழுங்கினோம்.

பிரஸ்காரர் தன் இயந்திரத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு மதியம் திடீரென்று சத்தம் நின்றது. அவர் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்குத் தூக்கம் வருது."

எல்லாரும் திரும்பினோம். ஃபோர்மேன் விறுவிறுவென்று வந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் பிரஸ்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பொத்தானிலும் கை வைத்தார்.

"போய்ப் படு. நான் பாத்துக்கறேன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வேற யாருக்காவது வருதா?" என்றார்.

ஏழெட்டுக் கை உயர்ந்தது. முதல் கை என்னுடையது.