றுஸைனாவின் முழு நோன்பு

அந்த ரமழானில் ஒரு நோன்பும் விடக் கூடாது என்று றுஸைனா பிடிவாதமாக இருந்தாள். விட்ட நோன்பைப் பிறகொரு நாள் பிடித்துக் கழாச் செய்யலாம், அதில் அவளுக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் குசினிக் கதவில் இருந்தது. மாதவிடாய் வந்து தொழுகையில்லாத நாளில் அதைச் சாத்திக்கொண்டு இரண்டு வாய் சோறு விழுங்கினால் போதும், இந்த மாதமும் பிள்ளையில்லை என்று வீடு முழுக்க விளங்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து மாமி ஜுனைதா அந்தக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதனால்தான் மாத்தளை டவுனில் ஒரு லேடி டொக்டரிடம் போய் மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை வாங்கினாள். டொக்டர் பொறுமையாக விளக்கினார். முதலில் ஈஸ்ட்ரஜன் ஹோமோன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டரோன் அந்தச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும், விருந்தாளிக்குப் பாய் விரித்து வைப்பதுபோல. கரு தங்காவிட்டால் ஹோமோன் குறையும், சுவர் உதிர்ந்து இரத்தமாக வரும். இந்தக் குளிசையும் புரொஜெஸ்டரோன் வகைதான். குடிக்கும்வரை பாய் சுருளாது, நிறுத்தினால் சில நாளில் மாதவிடாய் வந்துவிடும்.

கதவு ஒருநாளும் சாத்தப்படாததையும் மாமி கவனிப்பாள் என்று றுஸைனா யோசிக்கவே இல்லை.

"எங்கட மருமக முழுகாம இரிக்கிறா போல," என்று கஞ்சி கொடுக்கப்போன இடத்தில் பக்கத்து வீட்டு நஸ்மியாவிடம் மாமி சொல்லிவிட்டாள். கராம்புக் கடை வைத்திருக்கும் கணவன் ஜிப்ரி மாதுளம்பழத்தோடு வந்து நின்றான்.

"அப்பிடி ஒண்ணுமில்ல மாமி."

"வெக்கப்படாதீங்க மகள்!"

சொன்னால் காதில் ஏறினால்தானே?

கடைசி நோன்போடு குளிசையை நிறுத்தினாள். பெருநாள் கழிந்ததும் இரத்தம் வந்தது. இனி மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"குளிசையக் குடிச்சி என்ட பேரப்புள்ளையக் கலைச்சிட்டியே!" மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"புள்ளையே இல்ல மாமி. வர இருந்தத தள்ளித்தான் வச்சேன்." ஹோமோன், சுவர், பாய் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். ஜிப்ரியைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு பேரும் செக் பண்ணிப் பாக்கணும்னும் அந்த டொக்டர் சொன்னாங்க."

ஜிப்ரி போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாமியும் மகனும் ரமழானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பைத் தொடங்கினார்கள். பகலில் றுஸைனா சோற்றுக் கோப்பையோடு வந்து ஹோலின் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஆம்புளை இரிக்கிற எடத்துல என்ன இது?"

"எனக்குத் தொழுகை இல்ல மாமி," என்றாள், ஜிப்ரிக்கும் கேட்கும்படி சத்தமாக. "இந்த மாசமும் ஒண்ணுமில்ல. இனி கதவப் பாக்காதீங்க, எங்கிட்டக் கேளுங்க. இவரையும் ஒரு நாளைக்கி டொக்டர்ட்டப் போகச் சொல்லுங்க."

வாயிலிருந்த சோற்றைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அடுத்த வாயைப் பிசைந்தாள்.