பாதியில் நின்ற பதினைந்து படங்கள்

பேருந்து டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே நின்றால் டைம்கீப்பர் சார். முதுகைத் திருப்பினால் செகண்ட் முள். வண்டி வெளியே போன நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. "ரெண்டு நிமிஷம்தானே சார், கண்டுக்காதீங்க" என்று ஓட்டுநர் யாராவது தலையைச் சொறிந்தால், "உனக்குத்தான்யா ரெண்டு நிமிஷம். ஸ்டாப்புல நிக்கிறவனுக்கு அது ரெண்டு யுகம்" என்பார். முப்பத்தொரு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் அவர் மனைவி, ஒரு நோட்டில் நேரத்தை எழுதி அவருக்கு விட்டுவிட்டுப் போனாள்.

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் வந்தது. வீடு மூன்றாம் மாடி. இறங்கினால் ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு வருஷம் அவள் படியில் கால் வைக்கவில்லை. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மிஷின். புத்தகம் பிடித்தால் கை வலித்தது. கணினி பழுது பார்க்கும் அவளுடைய தம்பி ஒருநாள் பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தான்.

"உலகத்துல இருக்கிற நல்ல படமெல்லாம் இதுல போட்டிருக்கேன்க்கா. ஒருத்தனும் பறந்து பறந்து அடிக்க மாட்டான்."

"அடிக்கலைன்னா வேற என்னடா பண்ணுவான்?"

"நடப்பான்."

அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆனால் பிடித்துக்கொண்டாள். மதியம் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு போனில் மாத்திரைக்கான அலாரம் அடித்ததும் மாத்திரையை விழுங்குவாள். ஜன்னல் திரையை இழுத்துத் துணி கிளிப் போட்டு இருட்டாக்குவாள். படத்தை ஓட விடுவாள். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயர்களை விட்டுவிட்டுத் தானே பெயர் வைத்தாள். கதவுக்கு பெயிண்ட் அடிக்கிற படம். பனியில் மாட்டின ரயில். நாலு அக்கா ஒரு தம்பி. மழை விடாத படம். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஒரு வரி எழுதுவாள். பெயிண்ட் படத்துக்கு இப்படி: "ரெண்டு மணி நேரம் ஒரு ஆள் ஒரே கதவுக்கு பெயிண்ட் அடிக்கிறான். முடிந்தபோது எனக்கு மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது."

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது அவர் வீட்டில் இல்லை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். பதிவேட்டை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினால் இருபது நிமிஷத்தில் வீடு. ஆனால் யாராவது விடுப்பு என்று வாயைத் திறப்பதற்குள், "நான் பார்த்துக்கறேன், நீ போ" என்று இரவு பத்து மணி வரை அந்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தார். பெரிய மனசு என்று டிப்போவே மெச்சியது. மனசும் இல்லை, மண்ணும் இல்லை. வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் அவளுடைய மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவார். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்து நான்கு. தொழில் புத்தி, நிறுத்த முடியவில்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் வண்டிகளை எண்ணப் போய்விட்டார்.

"டிப்போவையே கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீங்க" என்பாள் அவள்.

"அது இவ்வளவு பேசாதுல்ல."

சீக்கிரம் வந்த ஒரு நாளில் கேட்டாள்: "பாதிப் படம் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் உக்காருங்களேன்."

"முன்பாதி தெரியாம எப்படிப் பாக்கறது?"

"முன்பாதிய நான் சொல்றேன்."

"நாளைக்குப் பாக்கலாம்மா, கண்ணைச் சுத்துது" என்று போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவருக்கு இரட்டை ஷிப்ட்.

தெருவாசலில் ஓர் இரும்பு கேட். திறந்தால் மூன்றாம் மாடி வரை கிறீச்சிடும். கீழ்வீட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியுடன் நின்றபோது அவள் மாடி ஜன்னலிலிருந்து, மூச்சு வாங்க வாங்க, "வேண்டாங்க, கத்தட்டும் விடுங்க" என்றாளாம். நோயாளி என்றால் ஏதாவது ஒரு பிடிவாதம் இருக்கும் என்று கீழ்வீட்டுக்காரரும் விட்டுவிட்டார், இவரும் விட்டுவிட்டார்.

அவள் போன அன்றும் அவர் டிப்போவில்தான் இருந்தார். புதுக் குழாய் கொண்டுபோன தம்பிதான் பார்த்தான். மைத்துனனின் போன் வந்தபோது மணி நான்கு பத்து. பேசி முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால், வண்டி வந்த நேரத்துக்கான கட்டத்தில் 4.10 என்று எழுதியிருந்தார். எந்த வண்டியும் வந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு தலையணைக்கடியில் நோட்டு கிடைத்தது. நாற்பத்து மூன்று படங்கள். இருபத்தேழு வரிகளின் ஓரத்தில் ஒரு டிக். பதினைந்து வரிகளில் டிக் இல்லை, நேரம் இருந்தது. 52 நி. 57 நி. 1 ம. 21 நி. கடைசிப் படத்துக்கு இரண்டும் இல்லை, "படகுக்காரன்" என்ற பெயரோடு நின்றிருந்தது.

வேறு யார் கையில் அந்த நோட்டு கிடைத்திருந்தாலும் அவள் எழுதிய வரிகளைப் படித்து அழுதிருப்பார்கள். இவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டார். டிக் போட்டது பார்த்த படம், நேரம் போட்டது பிடித்த படம், அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பிடித்த ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினார். ஒரு வருஷமாக அவரிடம் சொல்லாததை அவள் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தால் போதும். திட்டியிருந்தாலும் சரி, தெரிய வேண்டும்.

லேப்டாப்பைத் திறந்து, படத்தை ஓட்டி, அந்த நிமிஷத்துக்குப் போய் நிறுத்துவார். ஐம்பத்தேழாவது நிமிஷத்தில் ஒரு காலி ரயில் பெட்டி. ஒரு மணி இருபத்தொன்றில் யாரோ ஒருவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் ஒரு நாய், அது எங்கும் போகவில்லை. காலிப் பெட்டி என்றால் போகப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாடா என்றால் கிளம்புகிறவனைச் சொல்கிறாள், அதாவது என்னை. நாய்க்கு எவ்வளவு யோசித்தும் அர்த்தம் கிடைக்கவில்லை. அதுவும் தன்னைச் சொல்வதாகத்தான் இருக்க வேண்டும் என்று விட்டார். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. பதினைந்து நிமிஷங்களையும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில்தான் சிக்கினார். ஒரு சமையலறை. புருஷன் காபி போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புகிறான். பெண்டாட்டி சத்தமில்லாமல் அதைப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கோப்பையை உதட்டில் வைத்துக்கொள்கிறாள். அந்த முகத்தில் அப்படியொரு வெறுப்பு. இவர் திரையை மூடிவிட்டு மைத்துனனுக்கு போன் போட்டார்.

"மாப்ள, உங்கக்கா என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா மாமா. நீங்க குறட்டை விடறதுகூட டைம் டேபிள் போட்ட மாதிரி இருக்குன்னு சொன்னா."

"விளையாடாத. அந்தத் தொட்டியில காபி ஊத்தற படம்..."

"மாமா, படத்துல வர்ற பொம்பளைங்கல்லாம் அக்கா இல்ல."

"அப்ப அந்த நிமிஷத்தை எதுக்கு எழுதி வெச்சா?"

"தெரியலை மாமா. தெரிஞ்சா சொல்லமாட்டேனா? நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. அன்று மட்டுமல்ல. காபி குடிப்பதை அடியோடு விட்டார். இருபத்தாறு வருஷம் அவளுக்குப் போட்டுக் கொடுத்த காபி எல்லாம் எங்கே போயிற்று என்று, வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட இல்லை என்பதையும் மறந்து, யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு அலாரம் அடிக்கும். அவள் போனை அவர் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

வருஷம் முடிந்தது. டிப்போவில் ஒரு வருஷம் தாண்டிய பதிவேடுகளைக் கட்டிப் பழைய காகிதத்துக்குப் போடுவது வழக்கம். கட்டுவதற்கு முன்னால் ஏடு குறையாமல் இருக்கிறதா என்று டைம்கீப்பர் புரட்டிப் பார்க்க வேண்டும். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தேதியில் நின்றார். நோட்டின் தேதிகள் அவருக்கு மனப்பாடம். அது காபி படத்தின் தேதி. ஏட்டின் அடியில் அவர் கையெழுத்து. ஒப்படைத்த நேரம் 2.02.

இரண்டு இரண்டும் இருபதும், இரண்டு இருபத்திரண்டு. ஒன்றரை மணி மாத்திரையிலிருந்து இரண்டு இருபத்திரண்டு வரை, ஐம்பத்திரண்டு நிமிஷம்.

அடுத்த தேதியைத் தேடினார். 2.07. வழி இருபது. ஐம்பத்தேழு நிமிஷம். இன்னொரு நாள், வண்டி ஒன்று தாமதமாகி 2.31க்குத்தான் ஒப்படைத்திருக்கிறார். வீட்டுக்கு 2.51. ஒரு மணி இருபத்தொரு நிமிஷம்.

"என்ன சார், கட்டிடலாமா?" என்று கிளார்க் நூலோடு நின்றான்.

"இரு."

"பழைய பேப்பருக்குப் போறதுக்கு இவ்வளவு செக்கிங்கா? செகண்ட்..." என்று தொடங்கியவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நூலைக் கீழே வைத்தான்.

பதினைந்தும் ஒத்துப்போயின. ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். கேட் கத்தியதும் அவள் படத்தை நிறுத்தியிருக்கிறாள். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு லேப்டாப்பை மூடியிருக்கிறாள். அவர் கதவைத் தள்ளும்போது கையை வயிற்றில் கட்டிக்கொண்டு, "சும்மாதான் படுத்திருந்தேன்" என்பாள். அந்த நிமிஷத்தில் திரையில் ஓடியது காலிப் பெட்டியாக இருந்தால் என்ன, காபியாக இருந்தால் என்ன. அவள் பார்த்தது திரையை இல்லை.

ஒரு கணம் அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது. அடுத்த கணம் அந்த இருபத்தேழு டிக் ஞாபகம் வந்தது. அந்தத் தேதிகளைப் புரட்டினார். ஒப்படைத்த நேரம் 10.03. 10.01. 10.05. பார்க்கப் பார்க்க ஒரே மாதிரி. இருபத்தேழு நாளும் இரட்டை ஷிப்ட். அவள் முழுதாகப் பார்த்த படங்கள் எல்லாம் அவர் வராத மதியங்கள்.

டிப்போவில் வண்டி வந்து சேர்ந்தால்தான் டிக் போடுவார்கள்.

மறுநாள் இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, நோவு சாவு எதுவும் இல்லாமல் விடுப்பு எடுத்தார். "காரணம்?" என்று கேட்டார் மேலாளர். "வீட்டுல இருக்கணும்" என்றார்.

ஒன்றரைக்கு அலாரம் அடித்தது. திரையை இழுத்துக் கிளிப் போட்டார். கட்டிலில் அவள் சாய்ந்திருந்த பக்கம் உட்கார்ந்து நாற்பத்து மூன்றாவது படத்தை ஆரம்பத்திலிருந்து ஓட விட்டார். ஒரு படகுக்காரன் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுவிடுகிறான், திரும்பி வருகிறான். வேறொன்றும் இல்லை. இவரை அறியாமல் போன நேரம், வந்த நேரம் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது நடைக்குப் பிறகு எண்ணுவது நின்றுவிட்டது. படகுக்காரன் நனைந்த சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வெறும் உடம்போடு தண்ணீரைப் பார்த்து நின்றான். அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று இவருக்குத் தெரிந்தது. உக்காருங்களேன் என்று அவள் கேட்டது இதற்குத்தான்.

அப்போது கேட் கத்தியது.

அவர் கை தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது. காலடிச் சத்தம் படிப்பக்கம் வந்தது. கீழ்வீட்டுப் பூட்டு திறந்தது, கதவு சாத்திக்கொண்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த மூன்று மாடி வீட்டில் மத்தியானம் எத்தனை பேர் வந்து போவார்கள் என்று அதுவரை அவர் யோசித்ததில்லை. மூன்று மணிக்குள் கேட் நான்கு முறை கத்தியது. நான்கு முறையும் அவர் படத்தை நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி ஓட விட்டார். இருபத்தேழு மதியங்கள், நாளுக்கு நான்கு முறை அவளும் இப்படி நிறுத்திக் காத்திருந்தாள் என்றால், கணக்கு மனசுக்குள் தானே ஓடியது. விடை வருவதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்தப் பார்த்தார். வந்துவிட்டது. நூற்றெட்டு.

படம் முடிந்தது. ஆக்சிஜன் மிஷினைத் திருப்பிக் கொடுத்து எவ்வளவோ நாளாயிற்று, இருந்தும் அறையில் அந்த முனகல் இல்லாதது காதை அடைத்தது. நோட்டை எடுத்தார். கடைசி வரியின் ஓரத்தில், அவள் பேனாவால், வெகு நேரம் கழித்து ஒரு டிக் போட்டார்.