நாலுக்குக் காரணம் வேண்டாம்

“வரிசையா வாங்க, முட்டிக்காதீங்க. நாலு ஒன்னும் தீர்ந்து போயிடாது!”

வெள்ளிக்கிழமைகளின் நீண்ட மதிய இடைவேளையில், டேப்லெட்டின் கண்ணாடியைத் துப்பட்டா முனையால் துடைத்தபடியே புனிதா இப்படிச் சொல்வாள். மலேசியாவின் கிள்ளானில் ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குக் கணக்கும் கடிதமும் பார்க்கும் கிராணி அவள். எதிரே நிற்பவர்கள் ஹவுஸ்மேன்கள். படிப்பை முடித்துவிட்டு வார்டுகளில் பயிற்சி பெறும் இளம் டாக்டர்கள். தூக்கமில்லாத கண்களும் கையில் தே ஐஸ் என்னும் குளிர்ந்த தேநீர்ப் பொட்டலமுமாக, சாமி பிரசாதத்துக்கு நிற்பதுபோல் நிற்பார்கள்.

அவர்களை மதிப்பிட முன்பு தடித்த லாக்புக் இருந்தது. இப்போது செயலி. நோயாளியிடம் பேசும் விதம், ஊசி போடும் பக்குவம், உடல்நிலை மோசமாவதைக் கண்டுகொள்ளும் திறன் என்று எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ராதாகிருஷ்ணன் கூடவே இருந்து பார்த்து, தம் கையால் போட வேண்டிய மதிப்பெண் அது. அவர் அறை வாசலிலோ தினமும் அறுபது நோயாளிகள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் டேப்லெட்டையும் பாஸ்வேர்டையும் புனிதாவின் மேசையில் வைத்து, “நீயே அமுக்கிடு லா, புனிதா. எனக்கு மூச்சு விட நேரமில்ல” என்றார்.

புனிதா நடுவிரலால்தான் அமுக்குவாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஸ்டேப்ளர் கம்பி ஏறிய பழைய தழும்பு. கண்ணாடி அந்த விரலை மதிப்பதில்லை.

முதல் வாரத்திலேயே அவள் செயலியின் குணத்தைப் படித்துவிட்டாள். மூன்றோ அதற்குக் கீழோ போட்டால் ஒரு கட்டம் திறந்துகொண்டு காரணம் எழுதச் சொல்லும், நூறு எழுத்துக்குக் குறையாமல். ஐந்து போட்டாலும் அப்படியே. நான்குக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். “நாலுதான் லா நல்ல பிள்ள. எதிர்த்துப் பேசாது” என்பாள். அன்று முதல் அந்தப் பிரிவில் எல்லாருமே நாலு.

ஆனால் வாய் சும்மா இருக்காது. வார்டு சிஸ்டர்களின் புகாரெல்லாம் அவள் மேசைப் போனில்தான் வந்து விழும். யார் அழைத்தால் ஓடி வருகிறான், யார் கழிவறையில் ஒளிந்துகொள்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் நான்கை அமுக்கும்போதே உண்மையான மதிப்பெண்ணையும் சொல்லிவிடுவாள்.

“விஷ்ணுப்ரியா, அந்தப் பாட்டிக்குத் தலை வாரி விட்டியாமே? என் கணக்குல உனக்கு அஞ்சு. ஆனா அஞ்சு போட்டா கட்டுரை எழுதச் சொல்லும். நாலோட போ.”

அடுத்து ஜீவன். நெடுநெடுவென்று வளர்ந்த, கலகலப்பான பையன்.

“உனக்கு என் கணக்குல ரெண்டு. ஆளைப் பாக்காமலே பார்த்தேன்னு எழுதுறியாம். சிஸ்டர் சொன்னாங்க.”

“ஐயோ ஆன்டி, பதினெட்டு பெட்! நீங்க வந்து பாருங்க லா, அப்ப தெரியும்.”

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எட்டு முறை நான்கை அமுக்கினாள். பாவி, அமுக்கினாள்.

தைப்பூசத்துக்கு மறுவாரம் அவளுடைய அக்கா தனலெட்சுமி, மூச்சுத் திணறலோடு ஏழாம் வார்டில் சேர்க்கப்பட்டாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். “புனி, மூச்சு இழுக்குதுடி. யாரும் வரல.” புனிதா சொன்னாள்: “டாக்டர் வருவாரு லா, அக்கா. பயப்படாத.” இடைவேளையில் மாடிக்கு ஓடியபோது அக்காவின் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

நோயாளிக் குறிப்பேட்டை அவள் புரட்டிப் பார்த்தாள். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு. மூன்று வேளைக்கும் ஒரே வாக்கியம்: நிலைமை சீராக உள்ளது. மூன்றின் கீழும் ஜீவனின் பெயர் முத்திரை.

புகாரை அக்காவின் கணவர் சின்னையாவின் பெயரில் அவளே எழுதினாள். தான் யாரென்று மருத்துவமனையில் சொல்லவில்லை. சொன்னால் டேப்லெட் கதை வெளியே வரும்; பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஜீவனின் பக்கத்தை மட்டும் அதன்பின் திறக்கவில்லை. அவன் வந்து கேட்டால், “இன்டர்நெட் லைன் இல்ல, அப்புறம் வா” என்று அனுப்பிவிடுவாள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது, மலாய் மொழியில். பண்டமாரானில் இருந்த அக்கா வீட்டில் சின்னையாவுக்கு அவள்தான் வாசித்துச் சொன்னாள். விசாரணைக் குழு அந்த டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்காமல், அவருடைய பயிற்சி மதிப்பீடுகளை மட்டும் ஆராய்ந்ததாம். உடல்நிலை மோசமாவதைக் கண்டுகொள்ளும் திறனில் அவர் பெற்ற மதிப்பெண்... ‘எம்பாட்’ என்ற சொல்லில் அவள் நாக்கு நின்றுவிட்டது. நான்கு. எல்லா வாரமும் நான்கு. ஆகவே அலட்சியம் என்று கருத இடமில்லை.

லோரி ஓட்டித் தேய்ந்த கைகளால் சின்னையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெரிய டாக்டரே கூட இருந்து பார்த்து மார்க் போட்டிருக்காருன்னா, அந்தப் பையன் மேல தப்பிருக்காது, புனிதா. அவ ஆயுசு அவ்வளவுதான்.”

அந்தப் பெரிய டாக்டரின் விரல் தன்னுடையதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்? கடிதத்தை நான்காக மடித்தாள்; பிறகு, அந்த மடிப்பே பொறுக்காமல் மறுபடி விரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஜீவன் வரிசைக்கு முன்னாலேயே வந்துவிட்டான்.

“ஆன்டி, இத்தனை வாரமா என் பக்கம் பாக்கி. இன்னிக்கு அஞ்சு மணியோட ஆப் மூடிடும். விட்டா இங்கயே மூணு மாசம் நீட்டிடுவாங்க. திங்கக்கிழமை நான் பிள்ளைங்க வார்டுக்குப் போவணும் லா.”

“எந்த வார்டு?”

“பிள்ளைங்க வார்டு, ஆன்டி. சின்னப் பிள்ளைங்க.”

புனிதா அவன் பக்கத்தைத் திறந்தாள். முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, நான்கு, நான்கு. மூன்றாவதில், உடல்நிலை மோசமாவதைக் கண்டுகொள்ளும் திறனில், நடுவிரல் சற்று நின்றது. பிறகு இரண்டை அமுக்கியது. கட்டம் திறந்து கோடு துடித்தது.

“ஆன்டி, தப்பா அமுக்கிட்டீங்க.”

“தப்பாத்தான் அமுக்கினேன். இப்ப இல்ல, முன்ன.” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “தனலெட்சுமி. ஏழாம் வார்டு, பதினொன்னாவது பெட். தைப்பூசம் முடிஞ்ச வாரம். ஞாபகம் இருக்கா?”

ஜீவன் யோசித்தான். நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி, மெய்யாகவே யோசித்தான்.

“இல்லையே, ஆன்டி. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

டாக்டர் ராதாகிருஷ்ணன் கிளினிக் அறையில் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பேனாவுமாக இருந்தார். “என்ன புனிதா, ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல டாக்டர். காரணம் கேக்குது.” டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள். “ஜீவனுக்கு. உங்க பேருலதான் கேக்குது.”

“நாலைப் போட்டு அனுப்பிடு லா. வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க, பார்த்தியா?”

“என் அக்கா செத்துப் போனாங்க, டாக்டர். எல்லா நாலும் நான் போட்டது. நீங்களே எழுதுங்க. நான் சொல்றேன்.”

அவர் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. பத்தொன்பது வருடமாக அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசிப் பழகியவள், போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.