ஷிபினுக்கு இழுப்பு வரும்போதெல்லாம்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது, மீதி நேரம் அம்மாவின் அழுகையை நிறுத்துவது.

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைப் பக்கம் நாலு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். பாலராமபுரத்திலிருந்து தினமும் பஸ். மூச்சு இழுக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறி இறங்கும் அதன் விலாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் கடற்கரையிலிருந்து வரும் லில்லியும் அவள் மகன் ஷிபினும் உங்களுக்குப் புதியவர்கள் இல்லை.

புகை விடும் மெஷின்

ஆஸ்பத்திரிக்கு, மருந்தை ஆவியாக்கும் நெபுலைசர் வந்த மழைக்காலம். ஷிபினுக்கு நாலு வயது. மூக்கு விரிய, கழுத்துக்குழி உள்ளே இழுக்க, லில்லியின் இடுப்பில் தொங்கிக்கொண்டு வந்தான். மருந்தை ஊற்றி மெஷினைப் போட்டு, மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்கை வைத்தேன். வெள்ளையாக ஆவி கிளம்பியதும் லில்லி அதைப் பிடுங்கிவிட்டாள். புருஷனின் பீடிப் புகை பிள்ளைக்குக் கொள்ளாது என்று சொன்ன நாங்களே புகை கொடுக்கிறோமே என்று அவளுக்குக் கோபம்.

இது மருந்துதான் என்று சொன்னால் நம்பவில்லை. என் முகத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் காட்டிய பிறகுதான் விட்டாள். மெஷின் நின்றபோது ஷிபின் அவள் தோளில் தூங்கியிருந்தான். லில்லி மாஸ்கை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்க மாப்பிளைக்கும் இத கொஞ்சம் குடுங்க சிஸ்டரே, பீடிய விட்டிருவாரு."

கரண்ட் போன மத்தியானம்

இன்னொரு நாள் பாதி மருந்து உள்ளே போனபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிடையாது. பையனின் உதடு லேசாக நீலம் பாரிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா ஒரு சுத்தமான பிளாஸ்டிக் குப்பியை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, இன்ஹேலரைச் செருகி பிளாஸ்திரி ஒட்டினார். குப்பியின் வாயை அவன் வாயில் வைத்து, இன்ஹேலரை ஒவ்வொரு தடவையாக அழுத்தினார்.

கடையில் விற்கும் கலர் சோடா என்று நினைத்து, ஷிபின் ஆசையாக உறிஞ்சினான். எங்களுக்கு வேண்டியதும் அதுதானே. உதட்டில் நிறம் திரும்பி, பேச மூச்சு கிடைத்ததும் முதல் வேலையாக என்னிடம் புகார் சொன்னான்: "சிஸ்டரே, இதுல கலர் இல்ல, வெறும் காத்துதான் உண்டு."

குரைக்கிற இருமல்

ஒரு நாள் காலையில் டாக்டரம்மா வருவதற்கு முன்னால், லில்லியும் அவள் கணவர் தாசனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தாசன் மீன்பிடித்துக் கரைக்கு வந்த ஈர வேட்டியோடு அப்படியே வந்திருந்தார். ஷிபின் நாய் குரைப்பதுபோல இருமினான். வழக்கமான இழுப்பில் மூச்சு வெளியே வரும்போது விசிலடிக்கும். இதில் உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம். நான் அவசரமாக மாஸ்கை வைக்க, அவன் அலற, சத்தம் இன்னும் கூடியது.

டாக்டர் வீட்டுக்கு போன் போட்டேன். "அது தொண்டை வீக்கம். படுக்க வைக்காதே, தொண்டையைப் பார்க்காதே, அழ விடாதே. வீக்கம் இறங்க மருந்து கொடு, நான் வாறேன். ஆட்டோவை அனுப்பிடாதே, மெடிக்கல் காலேஜுக்குப் போக வேண்டி வரலாம்" என்றார். அவர் சொன்ன மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். அழாமல் வைப்பதுதான் முடியவில்லை. லில்லியே அழுதுகொண்டிருந்தாள்.

தாசனிடம், "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றேன். அவர் மகனின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "மக்கா, இன்னைக்கு என்ன மீன் உண்டு தெரியுமா? சாளை உண்டு, அயலை உண்டு, நெத்தோலி உண்டு…" மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். ஷிபின் விம்மலை நிறுத்திவிட்டுக் கேட்டான். டாக்டர் ஓடி வந்தபோது அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், சத்தம் பாதியாகியிருந்தது. மாஸ்கை முகத்தில் படாமல் தள்ளிப் பிடித்து, வேறொரு மருந்து கொடுத்தோம். மத்தியானத்துக்குள் சத்தம் அடங்கியது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோம்.

அப்படி என்ன சொல்லி அழுகையை அடக்கினீர்கள் என்று டாக்டர் தாசனிடம் கேட்டார். தாசன் எழுந்து நின்று சொன்னார்: "மீன் பேருதான் டாக்டரே. எனக்கு வேற ஒண்ணும் அறியாது."

ஓட்டப் பந்தயம்

தினமும் எடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தபின் ஷிபின் எங்களிடம் வருவது குறைந்தது. அந்த ஆஸ்பத்திரியை நான் விடும் வருஷம், பள்ளிக்கூட விளையாட்டு விழா முடிந்து அதே பனியனோடு வந்து நின்றான். பையில் இன்ஹேலர். ஜெயித்தாயா என்று கேட்டேன். "கடைசியாத்தான் வந்தேன் சிஸ்டரே. ஆனா இழுப்பு இல்லாம வந்தேனாக்கும்."

மூச்சு முட்டும்போது எங்களைத் தெய்வமே என்று கும்பிடுகிறவர்கள், பிள்ளைக்கு மூச்சு சீரானதும் கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை தொடங்கிய பிறகுதான் நாங்கள் நிம்மதியாக டீ குடிப்போம்.