நெத்தலி போடாத பாண்காரர்

இன்று காலை எங்கள் தெருவால் ஸ்பிஞ்சோனே வண்டி போனது. மூன்று சில்லு வண்டி, அதன் தலையில் ஒரு ஒலிபெருக்கி. எப்போதோ பதிவுசெய்த கரகரத்த குரல் சிசிலிய மொழியில் கூவிக்கொண்டே வரும். எண்ணெய் குறைவு, தூசி நிறைவு என்று தன் சாமானைத் தானே பழித்து விற்கிற வியாபாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. குரல் முந்தி வரும், வாசம் பிந்தி வரும். தக்காளியோடு நெடுநேரம் வெந்த வெங்காயம், மேலே தூவிய ரொட்டித்தூள், கொஞ்சம் சீஸ், அடியில் பஞ்சுபோலத் தடித்த பாண். பலர்மோவில் இந்த வாசத்துக்கு ஜன்னலைத் திறப்பவர்கள்தான் அதிகம். நான் எழும்பிப் போய்ச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்று சொல்வதற்கு நான் பழைய வியாழக்கிழமைகளுக்குப் போகவேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். போர் முடிந்தபோது மிஞ்சியது நானும் ஐந்து வயது மகன் நிரோவும்தான். அவனை யாழ்ப்பாணத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்து, ஒரு சிஞ்ஞோராவின், ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வீட்டோடு வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் மொத்தம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதில் இரண்டு மன்னிப்புக் கேட்பதற்கானவை. வீட்டோடு வேலை செய்பவர்களுக்கு இந்த நாட்டில் ஞாயிறும், வியாழக்கிழமைப் பின்னேரமும் ஓய்வு. ஞாயிறு முழுவதும் நான் நித்திரை கொள்வேன், அல்லது அழுவேன். வியாழன் சறோவுக்கு.

சறோ வன்னிக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவள், எனக்கு இரண்டு வருடம் முன்னால் வந்தவள். நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்தாள். என்னைவிட அதிகம் இழந்தவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அவளிடம் வேறொரு கொள்கை இருந்தது. ஒவ்வொரு வியாழனும் நாங்கள் காணாத ஓர் இடத்தைக் காணவேண்டும், ருசிக்காத ஒன்றை ருசிக்கவேண்டும். “வந்த ஊரைப் பாக்காமல் கழுவிக் கழுவியே சாகப்போறியளோ அக்கா?” என்று கேட்டாள். அப்போது கையில் மாற்றுடுப்பும் பல்துலக்கியும் போட்ட பையோடு நின்றேன். எங்கே போனாலும் அந்தப் பையைக் காவுவேன். பின்னேரம் திரும்பி வர முடியாமல் போய்விடும் என்று அவ்வளவு பயம். பலர்மோவில் பஸ் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

என்ன சொன்னாலும், அந்த நகரத்தை அவள்தான் எனக்குத் திறந்துவிட்டாள். துறவிகளின் மடத்துக்குக் கீழே பதப்படுத்திய பிணங்களைச் சுவரில் நிறுத்திவைத்திருக்கும் நிலவறைக்குக் கூட்டிப்போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு திருநீறு தேடினேன். சறோ ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போய், “இவையள் எங்கடை கலியாணவீட்டு ஆக்களை விட நல்லா உடுத்திருக்கினம்” என்றாள். இன்னொரு வியாழன் பாவைக்கூத்து. தகரக் கவசம் போட்ட வீரர்கள் ஒருவரையொருவர் இரண்டாகப் பிளந்தார்கள். குழந்தைகள் கைதட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சறோ பின்னால் வந்து ஒன்றும் கேட்காமல் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். பணிஸ் என்கிற இனிப்புப் பாணைப் பிளந்து அதற்குள் ஐஸ்கிரீமை அப்பித் தரும் விசித்திரத்தை அன்றுதான் கண்டேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் தேசிக்காயும் உப்பும் சோடாவும் கலந்து தருவார்கள். நுரைத்துப் பொங்கும். கால்களை அகட்டி, முன்னால் குனிந்து, ஒரே மூச்சில் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சட்டை நனையும். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் நடுத்தெருவில் அப்படிக் குனிந்து நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அல்லது, வந்துகொண்டிருந்தது.

இனி விரதம். தங்கை போனில் சொல்வாள்: நிரோ இரவில் எழும்பி வாசலில் போய் இருக்கிறானாம். அவனைக் கூப்பிடுவதற்கு நான் கொடுத்த பத்திரங்கள் முதல்முறை ஏதோ குறைவென்று திரும்பி வந்தன. அந்தக் கிழமை ஞாயிறு மற்றத் தமிழ்ச் சனங்களோடு நானும் வெறுங்காலோடு மலை ஏறினேன். மலைமேல் குகைக்குள் இருக்கும் ரோசாலியா மாதாவிடம் இங்கே கிறிஸ்தவர், சைவர் என்று பாராமல் எல்லோரும் போவோம். பாறைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டுபோகும். அந்தச் சொட்டுச் சத்தத்தில் நின்று, மாதாவுக்கும் நல்லூர் முருகனுக்கும் பொதுவாக ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளை என்னிடம் வந்து சேருமட்டும் மச்சம் தொடமாட்டேன். இறைச்சி, மீன், கருவாட்டுத் தூள்கூட.

மீன் வாசத்திலேயே வளர்ந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. சிஞ்ஞோரா வீட்டில் எனக்குக் கிடைத்தது பாணும் அவித்த கீரையும். உடம்பு வற்றியது. சறோவோடு வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போனால் அவள் முழுதாக அவித்த எட்டுக்கால் கணவாயைத் தின்பாள், நான் அடுத்த கடையின் தோடம்பழங்களை எண்ணிக்கொண்டு நிற்பேன். அப்படியொரு நாளில்தான் பல்லரோச் சந்தை முகப்பில் அந்த ஸ்பிஞ்சோனே வண்டியைக் கண்டோம். இதில் என்ன போடுகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். எனக்கு மொழி இல்லை, சறோதான் என் வாய். அவள் கேட்டாள். வண்டிக்காரர் விரல்களை மடக்கி மடக்கி நீளமாக ஏதோ சொன்னார். சறோ என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தக்காளி, வெங்காயம், சீஸ். சுத்தச் சைவம் அக்கா, சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். என்ன ருசி! ஆழத்தில் ஒரு உப்பு, ஒரு கனம், வெங்காயத்துக்கு இவ்வளவு ருசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறது. சீஸ்தான் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம், எங்கே சுற்றினாலும் வியாழன் அந்த வண்டியில்தான் முடியும். கிழமையில் அந்த ஒரு வேளைதான் நான் வாய் நிறையச் சாப்பிட்டேன்.

நிரோ ஏழு வயதில் வந்து சேர்ந்தான். விமானநிலையத்தில் என்னை அடையாளம் தெரியாமல் சறோவிடம் போனான். அதுவும் ஒரு பகிடியாக எங்களுக்குள் நெடுநாள் இருந்தது. நேர்த்தியை முடித்துக்கொண்டு நான் மீன் தின்னத் தொடங்கினேன். சில மாதம் கழித்து சிஞ்ஞோரா வீட்டில் ஸ்பிஞ்சோனே செய்தார்கள். வெங்காயத்துக்குள் உப்பிட்ட நெத்தலியைப் போட்டுக் கரைப்பதைக் கண்டேன். கரைந்த பிறகு முள்ளும் தெரியாது, மீனும் தெரியாது. அடுத்த வியாழன் சறோவிடம் ஓடினேன். அவள் சிரித்தாள்.

“எல்லாரும் போடுவினம்தான். எங்கடை ஆள் போடுறேல்லை. அவரின்ரை மனிசிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, மேலெல்லாம் தடிக்கும். அதாலை அவை வீட்டிலை மீனே எடுக்கிறேல்லை.”

நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. நான் காணாத அந்த மனுசியில் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. பாவம், கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு துண்டு மீன் தின்னமுடியாதவள். அவளுடைய வருத்தத்தால்தான் என் விரதம் காப்பாற்றப்பட்டது. மலைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். நிரோவுக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று, பாண்காரரின் மனைவிக்கு ஒன்று. பன்னிரண்டு வருடம் ஏற்றியிருப்பேன்.

சறோ இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா காட்டுகிறாள். லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று வந்திறங்கும் எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிண நிலவறை, பாவைக்கூத்து, சோடாக்கடை என்று நடப்பாள். எங்கள் வியாழக்கிழமைகள்தான், வரிசைகூட மாறவில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை, பெருமைதான். சென்ற பங்குனியில் லண்டனில் இருக்கும் மச்சாள் ஒரு வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். உங்கள் ஊர்ப் பெண் நல்ல பகிடிக்காரி, பாருங்கள் என்று எழுதியிருந்தாள். சறோ ஒரு ஸ்பிஞ்சோனே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சுற்றிவர முகம் தெரியாத சனம்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, மகன் வரவேணுமெண்டு மச்சம் விட்டவ. இரண்டு வருசம் இதைத்தான் திண்டவ. நெத்தலி திண்டு விரதம் பிடிச்ச ஒரே ஆள் அவதான். பெடியன் வந்திட்டான். கடவுள் பாணுக்குள்ளை எட்டிப் பாக்கிறேல்லை, நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு குழந்தையும் சிரித்தது. நான் அந்த வீடியோத் துண்டை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் அல்பெர்கேரியாவுக்கு, சறோவின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தவுடனே விளங்கிக்கொண்டாள். தேத்தண்ணி வைக்கப் போனாள், வேண்டாம் என்றேன். பாண்காரருக்கு மனைவி இருக்கிறாளா என்றுதான் முதலில் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ. அவர் கலியாணமே செய்யாதவராம்.

“அக்கா, அப்ப உங்கடை முகத்தை நீங்கள் பாக்கேல்லை, நான் பாத்தனான்” என்றாள் சறோ. “எலும்பும் தோலுமா இருந்தனீங்கள். அந்த ஒண்டைத்தான் ஆசையாச் சாப்பிட்டனீங்கள். சொல்லியிருந்தாத் துப்பியிருப்பியள்.”

“ஓம், துப்பியிருப்பன். அது என்ரை வாய், சறோ.”

அவள் கேத்தலைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். பிறகு, பெடியன் வந்தவன்தானே, இப்ப என்ன குறைந்துபோனது என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை இருக்கவிடாமல் செய்கிறது. ஏனென்றால் அந்த இரண்டு வருடத்தின் நடுவில் நிரோவுக்கு டெங்கு வந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அதே மாதம் பத்திரங்களும் இரண்டாம்முறை திரும்பி வந்தன. நான் மலைக்கு ஓடினேன், சறோவும் கூட வந்தாள். குகைக்குள் முழங்காலில் இருந்து, நான் எங்கே பிழை விட்டேன், எதைத் தொட்டேன், சொல்லு தாயே என்று வாய்விட்டுக் கேட்டேன். ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு சாப்பாடாக நினைவுபடுத்தி அந்த மாதாவுக்கே சொன்னேன். சூப்பில் இருந்திருக்குமோ, எண்ணெயில் இருந்திருக்குமோ. கணக்கு ரீச்சர் அல்லவா, கணக்குப் பிழைத்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். சறோ என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு விடை தெரியும். நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அக்கா என்றாள். கீழே இறங்கியதும் பல்லரோவுக்குக் கூட்டிப்போய், எனக்கு அந்தப் பாணை வாங்கித் தந்தாள்.

பொய்யை நான் மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பசிக்காகச் சொன்ன பொய். அந்தக் குகையில் அவள் காத்த மௌனத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அந்த மௌனத்தை உடைத்து வெளியே எடுக்கும் நாள் வந்தபோதும், அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. சுற்றுலா வந்தவர்களுக்குச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நிரோவிடம் சொன்னேன். அவனுக்கு இருபது வயதாகிறது. இலையுதிர்காலத்தில் வேலைக்கென்று வடக்கே தொரினோ நகரத்துக்குப் போகிறான், ஸ்கூட்டரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு. அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தேன். தலையைச் சொறிந்தான்.

“சறோ அன்ரி எனக்கு முந்தியே சொன்னவ அம்மா. நான் லிசேயோப் பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான். பஸ்தா, போதும் அம்மா, நான் வந்திட்டன்தானே. இஞ்சை முன்னாலை நிக்கிறன்.”

நிற்கிறான்தான். ஆனால் நான் பாண்காரரின் இல்லாத மனைவிக்கு மெழுகுதிரி ஏற்றிய வருடங்களில் எத்தனை தரம் இவன் என் கூட மலைக்கு வந்து, அந்தத் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதை யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அதை அவனிடம் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே நான் மறுபடியும் மச்சத்தை விட்டேன். இரண்டு வருடம், முதலிலிருந்து, ஒரு நாள் குறையாமல். விசர் வேலை என்று நிரோ சொல்கிறான். அவன் இனி ஒவ்வொரு நாளும் தூரத்து நகரத் தெருவில் ஸ்கூட்டர் ஓடப்போகிறவன். அரைகுறையாகச் செலுத்திய நேர்த்தியோடு அவனை அனுப்ப எனக்குத் துணிவில்லை.

இப்போது நான் வீட்டோடு வேலை செய்வதில்லை. மூன்று வீடுகளில் மணித்தியால வேலை, வியாழன் பின்னேரம் என்றொரு ஓய்வும் இல்லை. சறோ இரண்டு தரம் போன் எடுத்தாள், நான் எடுக்கவில்லை. போன கிழமை ஒரு வீட்டில் வேலை வேளைக்கு முடிந்தது, தனியாகப் பல்லரோவுக்கு நடந்தேன். ஒரு கடையில் கடலைமாவைக் கிண்டி ஆறவைத்துத் தட்டையாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பசி. கடைக்காரரிடம் மாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாணில் பன்றிக்கொழுப்புப் போடுவீர்களா என்று கேட்டேன். இந்த எண்ணெயில் மீன் பொரித்தீர்களா, இன்றைக்கு இல்லாவிட்டால் நேற்று? என் இத்தாலியம் இப்போது நன்றாக இருக்கிறது, யாரும் நடுவில் நிற்கத் தேவையில்லை. அவர் வயதான மனிதர், அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடலைமா, தண்ணீர், உப்பு, கொஞ்சம் பச்சிலை. எண்ணெய் காலையில் ஊற்றியது, மீன் இந்தச் சட்டிக்குக் கிட்டவும் வருவதில்லை சிஞ்ஞோரா என்றார்.

எனக்குப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, வாங்காமல் வந்துவிட்டேன்.